முப்பத்தெட்டு ஆடுகளின் பாசப் பரிசோதனை

தெல்ஃபினோ ஸெதில்யோ தன் அறுபத்தொரு வயதுக்குள் செய்த ஒரே குற்றம், அரசாங்கப் படிவம் ஒன்றில் உண்மையை எழுதியதுதான். அதை அவர் வேண்டுமென்று செய்யவில்லை. பேனா கையில் இருந்தது, கேள்வி எதிரில் இருந்தது, பதிலும் தெரிந்திருந்தது. எழுதிவிட்டார்.

கேள்வி இதுதான்: 'கடந்த ஓராண்டில் வேட்டை விலங்குகளிடம் இழந்த செம்மறிகளின் எண்ணிக்கை.' போஸோ அமார்கோ வட்டாரத்தில் ஆடு வைத்திருக்கும் எவரும் அந்தக் கட்டத்தில் இருபதுக்குக் குறைந்து எழுதியதில்லை. கொயோட்டிகள் விட்டால்தானே! நரிக்கு அண்ணன், ஓநாய்க்குத் தம்பி என்று சொல்லத்தக்க அந்தப் பிராணி, ஆடு குட்டி போடும் பருவத்தில் பட்டி வாசலிலேயே குடித்தனம் நடத்தும். தெல்ஃபினோ மட்டும் பூஜ்யம் என்று எழுதினார்.

அது பொய்யில்லை. அதற்கு முந்தைய வசந்தத்தில் முப்பத்தொரு குட்டிகளைப் பறிகொடுத்த மனிதர் அவர். அந்த ஆத்திரத்தில், பால்குடி மறந்த முப்பத்தெட்டுப் பெட்டைக் குட்டிகளையும் ஒன்பது கிடாரிகளையும் ஒரே பட்டிக்குள் அடைத்து இரண்டு மாதம் வைத்துப் பார்த்தார். எங்கோ செய்து பார்த்திருக்கிறார்களாம் என்று தீவனக் கடையில் காதில் விழுந்த சேதி. முதல் வாரம் மாடுகள் முட்டின, ஆடுகள் மூலையில் ஒண்டின. மூன்றாம் வாரம் ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்தன. இரண்டு மாதம் கழித்துத் திறந்துவிட்டால், மாடு போகிற இடமெல்லாம் ஆடும் போயிற்று.

கொயோட்டி தலை காட்டினால் செம்மறிகள் ஓடிப்போய் மாட்டுக் கால்களுக்கு நடுவில் நுழைந்துகொண்டன. மாட்டுக்கு ஆட்டின் மேல் அப்படியொன்றும் உருக்கம் கிடையாது. நாய்ச் சாதி எதுவும் தன் கால் பக்கம் வருவது அதற்குப் பிடிக்காது, அவ்வளவுதான். தலையைத் தாழ்த்திக் கொம்பைக் காட்டும். கொயோட்டி தன் உடம்பை மதிக்கிற பிராணி. திரும்பிப் போய் முயல் பிடித்துத் தின்றது.

"பத்துன்னு போட்டுத் தொலையேன் கிழவா," என்றாள் அவர் மனைவி லிப்ராதா, அவர் தோளுக்கு மேல் படிவத்தை எட்டிப் பார்த்து. இருவரும் கல்யாணமான நாளிலிருந்தே ஒருவரையொருவர் கிழவா, கிழவி என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். அந்தப் பக்கத்தில் அதுதான் கொஞ்சல். "எல்லாரும் என்ன எழுதுறாங்களோ அதையே எழுது. ஆபீஸ்காரன் கண்ணுக்கு நாம தனியாத் தெரியக் கூடாது."

"போகாத ஆட்டைப் போச்சுன்னு எப்படி எழுதுறது?"

"போன ஆட்டைப் போச்சுன்னு எழுதினியே, எவனாவது திருப்பித் தந்தானா? சும்மா எழுது."

அவர் பூஜ்யத்தையே எழுதினார். வட்டமாக, அழகாக வந்திருந்தது.

மூன்று வாரத்தில் ஆள் வந்துவிட்டார். பெயர் டிம்மன்ஸ். முப்பது வயது இருக்கும், ஒல்லியான மனிதர், நெஞ்சோடு ஓர் எழுத்து அட்டையை அணைத்துக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கினார்.

"பூஜ்யம்னு போட்டிருக்கீங்க."

"ஆமா சார்."

"எங்க கம்ப்யூட்டர் அதை ஏத்துக்க மாட்டேங்குது. பூஜ்யம்னா ஒண்ணு உங்ககிட்ட ஆடு இல்ல. இல்லேன்னா இந்த ஏரியாவுல கொயோட்டி இல்ல. கொயோட்டி இல்லேன்னா எங்க பிரிவே இருக்க வேண்டியதில்ல. இதுல எதுன்னு சொல்லுங்க, குறிச்சிக்கிறேன்."

தெல்ஃபினோ அவரைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு மேய்ச்சலுக்குக் கூட்டிப் போனார். முள்புதர்களுக்கு நடுவே ஒன்பது மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் நிழலிலும் நான்கைந்து செம்மறிகள். டிம்மன்ஸ் தொப்பியைக் கழற்றினார். அவர் கண் கலங்கிவிட்டது என்று தெல்ஃபினோ பிற்பாடு வீட்டில் சொன்னார். லிப்ராதா நம்பவில்லை.

"இது பிணைப்புதானே?" என்றார் டிம்மன்ஸ்.

"பேர் தெரியாது சார். ஒண்ணா இருக்குதுங்க."

"நாலு வருஷமா இந்தப் பிரிவுல வேலை செய்றேன். இப்பதான் முதல் தடவையா நேர்ல பார்க்குறேன்."

அவர் சொன்னது உண்மைதான். மாட்டையும் ஆட்டையும் பழக்கிச் சேர்த்து மேய்ப்பதற்கென்றே பக்கத்து நகரத்தில் அரசாங்க வாரியம் ஒன்று இருந்தது; டிம்மன்ஸ் அதன் ஆள். பிணைப்பு மேய்ச்சல் வாரியம் என்று பெயர். இரண்டு மாடிக் கட்டடம், பதினான்கு ஊழியர்கள், பசுவும் ஆடும் மூக்கோடு மூக்கு உரசும் ஒரு சின்னம். எல்லாம் இருந்தன, பசுவும் ஆடும் மட்டும் இல்லை. 'பிணைப்பு' என்றால் என்ன என்று வரையறுக்கும் வேலையில் நான்கு வருஷம் போயிருந்தது. வரையறை இன்னும் இரண்டாம் பக்கத்தைத் தாண்டவில்லை.

அந்த வாரமே தெல்ஃபினோவை நகரத்துக்கு வரச் சொன்னார்கள். இயக்குநர் டாக்டர் ஸ்டவுட் எழுந்து நின்று இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். சிவந்த முகம், கனிவான குரல். அவருடைய கனிவுதான் தெல்ஃபினோவைக் கவிழ்த்தது.

"மிஸ்டர் ஸெதில்யோ, இந்த நாட்டுல ஆட்டையும் மாட்டையும் சேர்த்து வைக்க நாங்க பதினேழு கருத்தரங்கு நடத்தியிருக்கோம். நீங்க ஒரு கருத்தரங்குகூட நடத்தல. அனுமதியும் வாங்கல. நேரா வெற்றி பெற்றுட்டீங்க. வேற யாராவது இந்த நாற்காலியில இருந்தா உங்கமேல நடவடிக்கை எடுத்திருப்பாங்க. நான் அப்படி இல்ல. நான் முறைப்படுத்துறவன்."

"என்னத்தை சார் முறைப்படுத்தணும்?"

இயக்குநர் வரைபடத்தை விரித்தார். தெல்ஃபினோ மேய்க்கிற நிலம் அரசாங்கத்துடையது. அவர் தாத்தா காலத்திலிருந்து அனுமதிச் சீட்டில்தான் மேய்க்கிறார்கள். வரைபடத்தில் வடபாதி மாட்டுக்கு, தென்பாதி ஆட்டுக்கு. இரண்டும் கலந்து மேய வேண்டுமானால் வாரியத்தின் பிணைப்புச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் இல்லையென்றால் நடுவில் வேலி. வேலியை மீறினால் அடுத்த வருஷம் நிலமே கிடையாது.

"சான்றிதழ் இதுவரை யாருக்காவது குடுத்திருக்கீங்களா?" என்று கேட்டார் தெல்ஃபினோ.

"நீங்கதான் முதல் ஆள். இதுல உங்களுக்கு ஒரு சரித்திரப் பெருமை இருக்கு, கவனிச்சீங்களா?"

தெல்ஃபினோ கவனித்தார். கவனித்து, கையெழுத்தும் போட்டார்.

முதல் படிவத்தில், ஒவ்வோர் ஆடும் எந்தப் பசுவோடு பிணைந்திருக்கிறது என்று தனித்தனியாகக் குறிக்கச் சொல்லியிருந்தார்கள். ஆட்டுக்கு அப்படி ஒரு பசு கிடையாது. மாட்டு மந்தை கண்ணில் பட்டால் அதற்குப் போதும். படிவத்தில் மந்தை என்று எழுத இடம் இல்லை. அவரைக்கொட்டைச் சட்டியையும் பச்சை மிளகாய்க் குழம்பையும் ஓரமாகத் தள்ளிவிட்டுக் கிழவனும் கிழவியும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து முப்பத்தெட்டுச் சம்பந்தம் பேசி முடித்தார்கள்.

"இந்தக் கறுப்பு மூஞ்சி ஆடு யாருக்கு?" என்றார் தெல்ஃபினோ.

"மொரேனாவுக்குக் குடு. ரெண்டும் பிடிவாதம் பிடிச்சதுங்க. ஒத்துப்போகும்."

"மொரேனாவுக்கு ஏற்கெனவே நாலு ஆச்சு. ஒரு பசுவுக்கு நாலுக்கு மேல கூடாதுன்னு போட்டிருக்கான்."

ஒன்பது பசு, பசுவுக்கு நான்கு. முப்பத்தாறோடு கணக்கு முடிந்தது. மிஞ்சிய இரண்டு ஆடுகளை 'தற்காலிகமாகப் பாசம் ஒதுக்கப்படாதவை' என்று வாரியமே வகைப்படுத்திவிட்டது. பசுவின் காதில் என்ன நிறத்தில் வில்லையோ, அதே நிற வில்லை அதன் ஆடுகளின் காதிலும் தொங்கியது. அந்த இரண்டுக்கும் வெள்ளை.

டிசம்பரில் ஒரு நோட்டீஸ் வந்தது. 'ஆடு எண் 17, தனக்குப் பதிவு செய்யப்பட்ட பசுவை விட்டு வேறொரு பசுவின் அருகில் நாற்பது நிமிடங்கள் நின்றது களஆய்வில் கண்டறியப்பட்டுள்ளது. உரிமையாளர் பதினைந்து நாட்களுக்குள் விளக்கம் அளிக்க வேண்டும்.' தெல்ஃபினோ மூன்று நாள் யோசித்து, 'அந்தப் பசுவின் பக்கம் குளிர்காற்று அடிக்கவில்லை' என்று எழுதி அனுப்பினார். வாரியம் விளக்கத்தை ஏற்றுக்கொண்டு, காற்றின் வேகத்தை மட்டும் தெரிவிக்கச் சொன்னது.

சேதி தீவனக் கடைக்கு எட்டிவிட்டது. கடைக்கார எபிஃபானியோ, தெல்ஃபினோவின் மூத்த மகளுக்கு ஞானத்தகப்பன். அந்த முறையில் இருவரும் ஒருவருக்கொருவர் கொம்பாத்ரே.

"என்ன கொம்பாத்ரே, உன் வீட்டு ஆடு ஒண்ணு கட்டினதை விட்டுட்டு அடுத்த வீட்டுல போய் நிக்குதாமே? ஊரே பேசுது!"

"நீதான்டா அந்தப் பட்டி யோசனையைச் சொன்னவன்."

"நான் பட்டியில அடைன்னு சொன்னேன். படிவத்துல அடைன்னா சொன்னேன்?"

கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். தெல்ஃபினோவும் சிரித்தார். அதுவரை எல்லாமே சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

மார்ச் கடைசியில் அடுத்த கடிதம் வந்தது. ஆடுகள் முப்பத்தெட்டும் அப்போது நிறைசினை. சான்றிதழுக்கு முந்தைய இறுதிக் கட்டமாக, ஏப்ரல் முதல் தேதியிலிருந்து இருபத்தொரு நாள் 'பிரிவுச் சோதனை' நடக்கும் என்று கண்டிருந்தது. நடுவேலியை வாரியமே போட்டுத் தரும். வடக்கே மாடு, தெற்கே ஆடு.

கடிதத்தைப் படித்ததும் தெல்ஃபினோ வண்டியை எடுத்துக்கொண்டு நேரே நகரத்துக்குப் போனார்.

"சார், ஏப்ரல்ல குட்டி போடுற நேரம். அப்பதான் கொயோட்டி மொத்தமும் இறங்கும். ரெண்டு மாசம் தள்ளி வையுங்க, என்ன சோதனை வேணாலும் பண்ணிக்குங்க."

"மே மாசம் எங்க ஆண்டு மாநாடு," என்றார் இயக்குநர் கனிவாக. "முடிவு இல்லாம மாநாட்டுக்கு எப்படிப் போறது?"

"ஒண்ணா இருக்குறதைத்தான் உங்க ஆள் ஆறு மாசமா வந்து பார்த்துட்டுப் போறாரே சார்."

"ஒண்ணா நிக்கிறதுன்றது தற்செயலா இருக்கலாம். பஸ் ஸ்டாப்ல கூடத்தான் ஒண்ணா நிக்கிறோம். பிரிச்சாத்தான் பிணைப்பு தெரியும்."

"பிரிச்சா ஆடு செத்துப் போகும் சார்."

இயக்குநர் முகம் மலர்ந்தது. "பாருங்க, நீங்களே விஷயத்தைத் தொட்டுட்டீங்க. செத்தா, பிணைப்புதான் அதுவரை காப்பாத்துச்சுன்னு நிரூபணம் ஆகுது. சாகலேன்னா, பிணைப்பு இல்லாமலே ஆடு பிழைக்கும்ன்ற ஒரு புது உண்மை கிடைக்குது. எப்படிப் பார்த்தாலும் நமக்கு நஷ்டமே இல்ல."

நமக்கு என்று அவர் சொன்னதில் தான் சேர்த்தியா இல்லையா என்று தெல்ஃபினோ திரும்பி வருகிற வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தார். சோதனைக்கு ஒப்பவில்லை என்றாலும் வேலி உண்டு. அது நிரந்தர வேலி. ஒப்பினால் இருபத்தொரு நாள் வேலி. எது குறைவு என்று பார்த்தார். அறிவுள்ள எந்த மனிதரும் அப்படித்தானே பார்ப்பார்?

விதிகள் ஒரு பக்கம். சோதனை நடக்கும் நாட்களில் மனிதரோ நாயோ கழுதையோ ஆட்டுக்கு அரை மைல் சுற்றளவில் வரக் கூடாது; வந்தால் ஆட்டின் ஏக்கம் கலப்படமாகிவிடும். வெளிச்சமோ சத்தமோ போட்டால் அன்றைய நாள் கணக்கில் சேராது. கடைசியில் ஒரு நாள் கூடும். வேலிக்குச் சேதம் வந்தால் முதல் நாளிலிருந்து திரும்ப ஆரம்பம். டிம்மன்ஸ் தினமும் காலை பத்து மணிக்கு மேல் வந்து ஆடுகளின் ஏக்கத்தை அளந்துவிட்டு நான்கு மணிக்குள் போய்விடுவார். கொயோட்டி விடியலிலும் அந்தியிலும் வரும். அது அரசாங்க வேலையில் இல்லை.

ஏப்ரல் முதல் தேதி வேலி முளைத்தது. ஆடுகள் ஓடிப்போய்க் கம்பியில் முட்டிக் கத்தின. மறுபக்கம் மாடுகள் வந்து நின்று, என்ன விஷயம் என்பது மாதிரி பார்த்தன. மொரேனா மட்டும் வேலியோடு வேலியாகப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. டிம்மன்ஸ் பரவசமாக எழுதினார். இரண்டாம் நாள் விடியலில் ஒரு ஆடு போயிற்று. மூன்றாம் நாள் இரண்டு. தெல்ஃபினோ அரை மைல் தள்ளி மேட்டுச் சாலையில் வண்டியை நிறுத்திவிட்டுத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கத்தான் முடிந்தது.

ஐந்தாம் நாள் டிம்மன்ஸ் அவரைத் தேடிக்கொண்டு மேட்டுக்கே வந்தார்.

"நல்ல செய்தி. வேலியிலேருந்து ஆடுகளோட சராசரி தூரம் முதல் நாள் பதினாலு அடி. இன்னிக்கு ஒன்பதுதான். பிணைப்பு கூடிட்டே போகுது."

"தள்ளி நின்னதை எல்லாம் கொயோட்டி தின்னுட்டுது சார். ஒட்டி நின்னதுங்கதான் மிச்சம்."

டிம்மன்ஸ் எழுத்து அட்டையைப் பார்த்தார், தன் காலணியைப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. "சராசரிக்கு அதெல்லாம் தெரியாது மிஸ்டர் ஸெதில்யோ," என்றார் மெதுவாக.

"செத்தது ஏழு ஆச்சு. அதை எங்க எழுதுவீங்க?"

"'மாதிரியிலிருந்து விலகியவை'ன்னு எழுதுறேன். இழப்புன்னு எழுத இந்தப் படிவத்துல இடம் இல்ல."

எட்டாம் நாள் விடியலில் மூன்று கொயோட்டிகள் ஒரே ஆட்டைச் சுற்றி வளைத்தன. தெல்ஃபினோவால் பொறுக்க முடியவில்லை. துப்பாக்கியை எடுத்து வானத்தைப் பார்த்து இரண்டு தடவை சுட்டார். மூன்றும் சிதறி ஓடின. ஆடு பிழைத்தது. அன்றைக்கு நான்கு மைல் சுற்றளவில் வேறு யாரும் கிடையாது. அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. பத்து மணிக்கு டிம்மன்ஸ் வந்து, வழக்கம்போல, "சத்தம் ஏதாவது உண்டா?" என்று கேட்டார். கேள்வி எதிரில் இருந்தது, பதிலும் தெரிந்திருந்தது. தெல்ஃபினோ சொல்லிவிட்டார்.

ஒரு நாள் கூடிற்று.

"உன் வாயைத் தைச்சாத்தான் நம்ம குடும்பம் உருப்படும்," என்றாள் லிப்ராதா. காப்பிக் குடுவையை வண்டியின் மூக்கின் மேல் ணங்கென்று வைத்தாள். "அவன் கேட்டா, இடி இடிச்சுதுன்னு சொல்றதுதானே?"

"வானத்துல மேகமே இல்லையே கிழவி."

"உன் மண்டையிலயும் ஒண்ணும் இல்ல. அது தெரியுதா அவனுக்கு?"

பதினோராம் நாள் குட்டி போட ஆரம்பித்தன. செம்மறி ஈனுவதற்குக் கூட்டத்தை விட்டு ஒதுங்கிப் போகும். அது அதன் சுபாவம். மாட்டு மந்தைக்குள் இருந்தபோது ஒதுங்கினாலும் பத்தடி தூரத்தில் ஒரு மாடு நிற்கும். இப்போது ஒதுங்கிய ஆட்டுக்குத் துணை யாரும் இல்லை. வெள்ளை வில்லை போட்ட ஆடு ஒன்று புதர் ஓரமாகப் படுத்தது. பாதிக் குட்டி வெளியே வந்திருந்தது. கொயோட்டி நெருங்கியபோது எழுந்து ஓடக்கூட அதனால் முடியவில்லை. லிப்ராதா தொலைநோக்கியைக் கீழே இறக்கினாள். வண்டியின் பின்பக்கம் போய்க் கம்பி வெட்டும் குறடை எடுத்துக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கினாள்.

தெல்ஃபினோ ஓடிப்போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வெட்டினா முதல் நாள்லேருந்து ஆரம்பிப்பான். இன்னும் பதினோரு நாள்தான் கிழவி. பல்லைக் கடிச்சிக்கிட்டு இரு."

"பதினோரு நாள் கழிச்சு எதை எதோட சேர்த்து வைக்கப்போற?"

அவள் சொல்வது சரி என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் கையை விடவில்லை. நிலம் போய்விடும் என்ற பயம் ஒன்று. அதைவிட, கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்ற ஒரு பாழாய்ப்போன நாணயம். அதை நினைத்தால் அவருக்கே அவர் மேல் அருவருப்பாக இருந்தது. லிப்ராதா குறடைக் கீழே போட்டாள். அதன் பிறகு அவள் மேட்டுக்கு வரவில்லை. அவரைக் கிழவா என்று கூப்பிடவும் இல்லை. சாப்பாட்டை வைத்துவிட்டு, "இருக்கு," என்பாள்.

இருபத்திரண்டாம் நாள் ஆறு ஆடுகள் இருந்தன. குட்டி ஒன்றும் இல்லை. ஆறும் கம்பியில் உடம்பு பதிய நின்றன; தூரம் அளக்க டிம்மன்ஸ் கொண்டுவந்த நாடாவுக்கு வேலையே இருக்கவில்லை. சராசரி, பூஜ்யம் அடி. இந்த முறை கம்ப்யூட்டர் தடையில்லாமல் ஏற்றுக்கொண்டதாம்.

சேர்த்து வைக்கும் விழாவுக்கு வெள்ளைக் கூடாரம் போட்டார்கள். நாற்பது பேர் வந்தார்கள். பக்கத்து மாநிலத்திலிருந்தும் சிலர். எலுமிச்சைச் சாறும் ரொட்டித் துண்டுகளும் கொடுத்தார்கள். லிப்ராதா தன் நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள். ஏன் வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்கவில்லை என்று எபிஃபானியோவிடம் சொன்னாளாம்.

இயக்குநர் ஒலிபெருக்கிக்கு முன்னால் வந்தார்.

"நண்பர்களே, சோதனையோட ஆரம்பத்துல நமக்கு முப்பத்தெட்டு ஆடு தேவைப்பட்டுது. இன்னிக்கு ஆறே ஆட்டை வெச்சு அதே உண்மையை இன்னும் துல்லியமா நிரூபிக்கிறோம். அதாவது ஆட்டோட தேவையை நாம ஆறுல ஒரு பங்காக் குறைச்சிருக்கோம். இப்படியே போனா, ஒரு நாள் ஆடே இல்லாம பிணைப்பை நடத்திக் காட்டுற நிலைமைக்கு இந்த வாரியம் வரும். அந்த நாளைத்தான் நான் கனவு காணுறேன்."

கை தட்டினார்கள். சான்றிதழைச் சட்டம் போட்டுத் தெல்ஃபினோவிடம் கொடுத்தார்கள். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு நடுவேலியின் கேட்டைத் திறக்கச் சொன்னார்கள்.

திறந்தார். ஆறு ஆடுகளும் ஒரே ஓட்டமாக ஓடின. நாற்பது பேரையும் கூடாரத்தையும் அவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாடுகளின் காலுக்கடியில் நுழைந்து நின்று நடுங்கின. மொரேனா குனிந்து, அந்தக் கறுப்பு மூஞ்சி ஆட்டை முகர்ந்தது. பிறகு தலையைத் தூக்கிக் கேட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றது. மற்ற மாடுகளும் பார்த்தன. இன்னும் வர வேண்டியவை இருக்கின்றன என்று நினைத்தனவோ என்னவோ. முன்வரிசையில் ஓர் அம்மாள் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டு, "எவ்வளவு அழகு!" என்றாள்.

"ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்," என்று புகைப்படக்காரர் கூவினார். "ஃபிலிம் சுருள் தீர்ந்துபோச்சு. ஓடினது ஒண்ணும் படத்துல விழல."

இயக்குநர் சிரித்துக்கொண்டே தெல்ஃபினோவின் தோளைத் தட்டினார். "மிஸ்டர் ஸெதில்யோ, சிரமம் பார்க்காம ஆட்டை மறுபடியும் அந்தப் பக்கம் ஓட்டிட்டு வந்துடுங்க. இன்னொரு தடவை திறந்துடலாம். அஞ்சு நிமிஷ வேலை."

கடைசி நாற்காலியிலிருந்து லிப்ராதா எழுந்து நின்றாள். தெல்ஃபினோ அவளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போயிருக்க மாட்டார். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பெரிய மனிதர் கேட்டுவிட்டார், கையெழுத்தும் போட்டாயிற்று. சான்றிதழைக் கேட்டின் மேல் சாய்த்து வைத்துவிட்டு மாடுகளை நோக்கி நடந்தார். வாயில் வழக்கமான சீழ்க்கை. ஆட்டை அழைக்கிற சீழ்க்கை. ஒரு ஆடும் அசையவில்லை. கறுப்பு மூஞ்சி ஆட்டின் கழுத்தைப் பிடிக்கக் குனிந்தார்.

மொரேனா தலையைத் தாழ்த்தியது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், பிறக்கும்போது பின்னங்கால் முன்னே வந்து சிக்கிக்கொண்ட கன்று அது. தாய்ப்பசுவுக்குள் முழங்கை வரை கையை விட்டு அவர்தான் இழுத்து எடுத்தார். புட்டியில் பால் கொடுத்தவரும் அவர்தான். அது இப்போது கொம்பைத் திருப்பி, மூக்கால் ஒரு முறை சீறி, அவருக்கும் ஆட்டுக்கும் நடுவில் வந்து நின்றது. அவர் ஓர் அடி பக்கவாட்டில் வைத்தார். அதுவும் வைத்தது. கையை நீட்டி, "மொரேனா," என்றார். அது முன்னங்காலால் தரையைக் கீறிவிட்டுப் பாய்ந்தது. தெல்ஃபினோ பின்பக்கமாக விழுந்தார். தொப்பி எங்கோ போயிற்று.

"பிரமாதம்!" என்று கூடாரத்திலிருந்து இயக்குநர் கத்தினார். "எடுத்தியா? இதை எடுத்தியா?"

"எடுத்துட்டேன் சார்!"

கைதட்டல் ஓயவில்லை. லிப்ராதா கேட்டைத் தாண்டி உள்ளே வந்து அவர் பக்கத்தில் நின்றாள். அவளை மாடு ஒன்றும் செய்யவில்லை. அவர் மண்ணில் உட்கார்ந்தபடியே மொரேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் கையாலதானே கிழவி பிறந்துது," என்றார். "என்னைத் தெரியலையா அதுக்கு?"

"தெரிஞ்சுதான் நிக்குது," என்றாள் அவள்.

அவர் எழுந்து, பின்னாலேயே அடி வைத்துக் கேட்டுக்கு வெளியே போகும் வரை மொரேனா தலையை நிமிர்த்தவில்லை.